லாஸ்கோ குகை பாக்கப் போறீங்களா? ஒரிஜினலை விட்டுட்டு ரெப்ளிகாவுக்கு டிக்கெட் போடுங்க

லாஸ்கோ, ஷோவே, ஆல்தமிரா, இந்தப் பேரையெல்லாம் ஏதோ ஒரு வீடியோல பாத்துட்டு, எப்படியும் பிரான்ஸ் ஸ்பெயின்னு போறோம், ஆதி மனுஷன் வரைஞ்சதையும் நேர்ல ஒரு தடவை பாத்துட்டு வந்துடலாம்னு கிளம்புறவங்க இப்ப அதிகமாயிட்டாங்க. அதுல பல பேருக்கு அங்க கவுண்டர்ல போய் நின்னப்புறம்தான் விஷயமே தெரியுது: ஒரிஜினல் குகை பூட்டி பல வருஷம் ஆச்சு, உங்களுக்குக் காட்டப்போறது காப்பி. உடனே மூஞ்சி வாடிடும். "இவ்ளோ செலவு பண்ணி டூப்ளிகேட்டைப் பாக்கவா வந்தோம்"னு ஒரு புலம்பல்.

அந்தப் புலம்பல் தேவையே இல்லன்றது என் கட்சி. ஒரிஜினலை விட ரெப்ளிகாலதான் படத்தை நிதானமா, நல்ல வெளிச்சத்துல, கைடு சொல்றது காதுல விழுற மாதிரி பாக்க முடியும். எந்த ரெப்ளிகா, எப்படி புக் பண்றது, உள்ள போய் எதைப் பாக்கறது, ஒரிஜினல் ஒண்ணாவது பாத்தே தீருவேன்னு அடம்பிடிச்சா அதுக்கு என்ன வழின்னு வரிசையா சொல்றேன்.

முதல்ல: ஏன் பூட்டினாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டு கிளம்புங்க

இதைத் தெரிஞ்சுக்காம போனா அங்க இருக்குற ஒவ்வொரு ரூலும் கெடுபிடி மாதிரிதான் தோணும்.

தென்மேற்கு பிரான்ஸ்ல தோர்தோன்ய்னு ஒரு மாவட்டம், அங்க மோன்தின்யாக்னு ஒரு சின்ன ஊர். 1940 செப்டம்பர்ல ரவிதான்னு ஒரு பையனும் அவன் கூட்டாளிங்க மூணு பேரும் மலையில ஒரு ஓட்டைக்குள்ள இறங்கிப் பாத்தா சுவர் பூரா காளையும் குதிரையும். 17,000 வருஷத்துக்கு மேல யாரும் தொடாம இருந்த இடம். யுத்தம் முடிஞ்சு 1948ல பொதுமக்களுக்குத் திறந்து விட்டாங்க, அதுக்காக வாசலைப் பெருசா வெட்டி, தரையை இறக்கி, படி கட்டி, லைட் போட்டு ஆக வேண்டியதெல்லாம் பண்ணாங்க. 1950கள் நடுவுல ஒரு நாளைக்கு 1,200 பேர் உள்ள போய் வந்தாங்க.

பிரச்சினை கையில இல்ல, மூச்சுல. மழை நாள்ல ஜன்னலை எல்லாம் ஏத்தி மூடின டவுன் பஸ்ல கண்ணாடி எப்படி வேர்க்கும், அதேதான். அத்தனை பேரோட மூச்சுல வர்ற ஈரமும் உடம்புச் சூடும் குளிர்ச்சியான பாறை மேல போய் தண்ணியா படியுது, கூடவே கார்பன் டை ஆக்சைடு, அது தண்ணியில கரைஞ்சா லேசான ஆசிட், சுண்ணாம்புப் பாறையை மெல்ல மெல்ல கரைக்கும். கரைஞ்ச சுண்ணாம்பு திரும்ப இன்னொரு இடத்துல வெள்ளைப் படலமா உக்காரும், அது படத்து மேலயே உக்காந்தா முடிஞ்சுது. இதுக்கு மேல லைட்டு. வெளிச்சம் இல்லாத வரைக்கும் குகைக்குள்ள பாசி வளராது, பல்பு மாட்டின உடனே பச்சை பச்சையா வந்துடும். செருப்புலயும் துணியிலயும் வெளியில இருந்து வர்ற விதையும் பூஞ்சை வித்தும் வேற. லாஸ்கோல பச்சை வியாதி, வெள்ளை வியாதின்னே பேரு வெச்சாங்க, பச்சைன்னா பாசி, வெள்ளைன்னா சுண்ணாம்புப் படலம். 1963ல கலாச்சார அமைச்சரா இருந்த ஆந்த்ரே மல்ரோ குகையையே மூடச் சொல்லிட்டாரு. அதுக்குள்ள பத்து லட்சம் பேருக்கு மேல பாத்துட்டுப் போயாச்சு.

மூடினதோட சரியாயிடுச்சான்னு கேட்டா அதுவும் இல்ல, இங்கதான் கதை கொஞ்சம் வயித்தைக் கலக்குது. 2001ல உள்ள இருந்த குளிரூட்டுற மெஷினை மாத்தினாங்க, அதுக்கப்புறம் ஃபுசேரியம்னு ஒரு வெள்ளைப் பூஞ்சை தரையிலயும் ஓரத்துலயும் கிடுகிடுன்னு பரவ ஆரம்பிச்சுது. தரையில சுட்ட சுண்ணாம்பைக் கொட்டினாங்க, மருந்து போட்டாங்க, ஒரு கிருமி செத்தா அந்த இடத்தை இன்னொண்ணு பிடிச்சுக்குது, சில வருஷத்துல கருப்புப் புள்ளி வந்துச்சு. உள்ள போறவங்க கால் நனைக்கறதுக்கு வருஷக்கணக்கா ஃபார்மலின் தொட்டி வெச்சிருந்தாங்க, அந்த மருந்தே உள்ள இருந்த நுண்ணுயிர் சமநிலையைக் கெடுத்திருக்கும்னு பின்னாடி ஆராய்ச்சி பண்ணவங்க சந்தேகப்பட்டாங்க. அதாவது ஒரு தடவை கெட்டுப்போன குகையை நல்லெண்ணத்தோட சரிபண்ணப் போனாலும் கெடும். அதனாலதான் இப்ப நிபுணர்களையே எண்ணி எண்ணி, நிமிஷக் கணக்குப் பாத்து உள்ள விடுறாங்க.

ஸ்பெயின்ல ஆல்தமிராவும் அதே பாதைதான். 1973ல ஒரே வருஷத்துல 1,70,000 பேருக்கு மேல, 1977ல மூடினாங்க, 1982ல வருஷத்துக்கு 8,500 பேர்னு கணக்கு வெச்சு திறந்தாங்க, 2002ல மறுபடி மூடல். இந்த ரெண்டையும் பாத்து பாடம் படிச்சதுனால, 1994 டிசம்பர்ல ஷோவே குகை கிடைச்சப்ப பொதுமக்களுக்குத் திறக்கிற பேச்சையே எடுக்கல, முதல் நாள்ல இருந்தே பூட்டு. அந்தக் குகைத் தரையில கரடி மண்டையோடு, பழைய காலடித் தடம் எல்லாம் அப்படியே கிடக்கு, ஆராய்ச்சிக்குப் போறவங்களே போட்டு வெச்சிருக்குற பாதையை விட்டு இறங்க மாட்டாங்க.

ரெண்டாவது: எந்த ரெப்ளிகான்னு முடிவு பண்ணுங்க

எல்லாத்தையும் ஒரே ட்ரிப்ல பாக்கறேன்னு இறங்காதீங்க, ஒண்ணுக்கொண்ணு ரொம்ப தூரம். நீங்க எந்தப் பக்கம் போறீங்களோ அதை வெச்சு எடுங்க.

லாஸ்கோக்கே ரெண்டு இருக்கு, புதுசா போறவங்க குழம்புற முதல் இடம் இதுதான். லாஸ்கோ 2 ஒரிஜினல்ல இருந்து 200 மீட்டர் தள்ளி அதே மலையில, 1983ல திறந்தது. குகையோட முக்கியமான ரெண்டு பகுதி, காளைக் கூடமும் அதை ஒட்டின நீள வழியும் மட்டும். மோனிக் பெய்த்ரால்னு ஒரு ஓவியர் வருஷக்கணக்கா உக்காந்து, பழைய ஆளுங்க பயன்படுத்தின மாதிரியே மண் நிறங்களை வெச்சு கையால வரைஞ்சது. லாஸ்கோ 4 மலை அடிவாரத்துல, 2016 டிசம்பர்ல திறந்தது, குகை கிட்டத்தட்ட முழுசா, லேசர் ஸ்கேன் எடுத்து, அச்சு வார்த்து, ஓவியர் கூட்டமே உக்காந்து வரைஞ்சது, கூடவே பெரிய மியூசியம். நடுவுல லாஸ்கோ 3 எங்கன்னு கேப்பீங்க, அது ஊர் ஊரா போற கண்காட்சி.

முதல் தடவைன்னா 4க்குப் போங்க. எனக்குப் பிடிச்சது என்னவோ 2தான். 4ல கட்டடம் ஜம்முனு இருக்கும், ஆனா கூட்டமும் ஸ்கிரீனும் ஜாஸ்தி, 2 இறுக்கமா, இருட்டா, குகைக்குள்ள இருக்குற மாதிரியே இருக்கும். ரெண்டும் ஒரே ஊர்தான், அரை நாள் கூட இருந்தா ரெண்டையும் பாத்துடலாம். இன்னொரு விஷயம், லாஸ்கோ 2க்கு வந்த கூட்டமே அந்த மலைக்குப் பாரமாச்சு, ஒரிஜினல் இருக்குற மலை மேலயே காரும் பஸ்ஸும் ஏறி நிக்குதுன்னுதான் அடுத்ததை அடிவாரத்துல கட்டினாங்க. ஏன், லாஸ்கோ 2 படங்களே மங்கிப்போய் அதையும் ரிப்பேர் பண்ண வேண்டி வந்துச்சு. காப்பிக்கே இந்த கதின்னா ஒரிஜினல் பாவம்.

ஷோவே ரெப்ளிகா தென் பிரான்ஸ்ல ஆர்தேஷ் பகுதியில, வல்லோன்-போன்-தார்க் ஊர் பக்கத்துல இருக்கு, 2015 ஏப்ரல்ல திறந்தாங்க. ஒரே ஒரு ரெப்ளிகாதான் பாக்க முடியும்னா கண்ணை மூடிட்டு இதுக்குப் போங்கன்னு சொல்லுவேன். ஒரிஜினல் 8,500 சதுர மீட்டர், இது 3,000, அதனால குகையை அப்படியே காப்பி அடிக்காம முக்கியமான இடங்களை மடிச்சு அடுக்கி வெச்சிருக்காங்க, நடந்து போறப்ப அது தெரியவே தெரியாது. படங்கள் 36,000 வருஷம் வரைக்கும் பழசு, லாஸ்கோவை விட ரெண்டு மடங்கு வயசு. சிங்கம், காண்டாமிருகம், கரடின்னு வழக்கமா வேட்டையாடாத ஆபத்தான மிருகமா வரைஞ்சு தள்ளியிருக்காங்க.

ஆல்தமிரா ரெப்ளிகாவுக்குப் புதுக் குகைன்ற அர்த்தத்துல நியோகுவேவான்னு பேரு, ஸ்பெயின் வடக்குக் கரையில சந்தில்யானா தெல் மார் ஊர்ல, 2001ல வந்தது. ஒரிஜினல் பக்கத்துலயே மியூசியத்துக்குள்ள இருக்கு. ஒரிஜினலோட வாசல் பல ஆயிரம் வருஷம் முன்னாடியே சரிஞ்சு மூடிடுச்சு, நடுவுல தாங்கு சுவர் வேற கட்டியிருக்காங்க, ரெப்ளிகால அதையெல்லாம் எடுத்துட்டு ஆளுங்க குடியிருந்த காலத்துல இருந்த மாதிரி அகலமான வாசலோட கட்டியிருக்காங்க. அந்த விஷயத்துல காப்பிதான் ஒரிஜினலை விட அந்தக் காலத்துக்குக் கிட்ட இருக்கு. பில்பாவோ, சான் செபாஸ்தியான் பக்கம் போறவங்களுக்கு அவ்ளோ தூரம் முடியாதுன்னா ஸெஸ்தோவாங்கற ஊர்ல ஏக்காயின் குகையோட ரெப்ளிகா இருக்கு, பேரு ஏக்காயின்பெர்ரி, குதிரைப் படங்களுக்குப் பேர் போனது, கூட்டமும் கம்மி.

கொஸ்கேர் குகை தனி ரகம். மார்செய் பக்கத்துல கடலுக்கடியில 37 மீட்டர் ஆழத்துல வாசல், டைவிங் போற ஆன்ரி கொஸ்கேர் கண்டுபிடிச்சு 1991ல வெளிய சொன்னாரு, அதே வருஷம் அந்தச் சுரங்கத்துல மூணு டைவர்கள் வழி தெரியாம செத்தும் போனாங்க. இங்க டூரிஸ்ட் பிரச்சினையே இல்ல, கடல் மட்டம் ஏறி ஏறி படங்களை அதுவே தின்னுட்டு வருது. ரெப்ளிகா 2022ல மார்செய் துறைமுகத்துலயே திறந்தாங்க, சின்ன வண்டியில உக்கார வெச்சு சுத்திக் காட்டுவாங்க. எனக்கு அந்த வண்டி சமாச்சாரம் தீம் பார்க் மாதிரி பட்டுச்சு, குழந்தைங்களுக்கு ரொம்பப் பிடிக்கும், நடக்க முடியாத பெரியவங்களுக்கு சவுகரியம், போய்ச் சேர்றதும் சுலபம்.

மூணாவது: புக்கிங்கும் போற வழியும்

ஜூலை, ஆகஸ்ட்ல போறீங்கன்னா வீட்டுல இருந்தே ஆன்லைன்ல டிக்கெட் எடுத்துடுங்க, போய் நின்னு வாங்கிக்கலாம்னு போனா சாயங்காலம் வரைக்கும் காத்திருக்கணும், இல்ல இங்கிலீஷ் டூர் முடிஞ்சுடும். எல்லா இடத்துலயும் டைம் ஸ்லாட்தான், அந்த நேரத்துக்குப் போகலைன்னா உங்க இடம் போச்சு. புக் பண்ணும்போதே மொழியைப் பாத்து எடுங்க, பிரெஞ்சு டூர்ல தெரியாம ஏறிட்டா ஒரு மணி நேரம் தலையை ஆட்டிட்டு வரணும். அதே மாதிரி அந்த இடத்தோட அதிகாரபூர்வ சைட்லதான் எடுக்கறோமான்னு பாருங்க, தேடினா முதல்ல வர்றது பூரா கமிஷன் வெச்சு விக்கிறவங்க.

ஆல்தமிரா மியூசியம் டிக்கெட் ரொம்பச் சீப், 3 யூரோதான், சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேலயும் ஞாயித்துக்கிழமையும் ஃப்ரீ, திங்கள் லீவு. ஃப்ரீன்னு ஞாயிறு போனா கூட்டம் அள்ளும், ரெப்ளிகாவுக்குள்ள போற ஸ்லாட் சீக்கிரம் தீர்ந்துடும், 3 யூரோ குடுத்துட்டு செவ்வாய், புதன்ல போறது உத்தமம்.

லாஸ்கோவுக்கு பாரிஸ்ல ஆஸ்தெர்லிட்ஸ் ஸ்டேஷன்ல ரயில் ஏறி பிரீவ்ல இறங்கணும், நாலரை மணி நேரத்துக்குக் கிட்ட ஆகும், அங்கிருந்து மோன்தின்யாக் 40 கிலோமீட்டர் வாக்குல. பஸ்ஸை நம்பாதீங்க, அந்தப் பக்கமெல்லாம் கிராமம், கார் வாடகைக்கு எடுக்கறதுதான் வழி. பாரிஸ்ல தமிழ்க் கடைங்க இருக்குற லா ஷாப்பேல் பக்கம் சொந்தக்காரங்க யாராவது இருந்து அவங்க கார்ல கிளம்பினா 500 கிலோமீட்டர் ஓட்டணும், ஒரே நாள்ல போயிட்டு வர்ற கதை கிடையாது, ராத்திரி தங்குங்க. ஷோவேக்கு மோன்தெலிமார் இல்ல அவின்யோன் வரைக்கும் ரயில், அதுக்கப்புறம் கார். ஆல்தமிராவுக்கு சான்தான்தேர்ல இருந்து பஸ் உண்டு, ஊர்ல இறங்கி 2 கிலோமீட்டர் நடை. கொஸ்கேருக்கு மட்டும்தான் காரும் வேண்டாம் பஸ்ஸும் வேண்டாம், மார்செய் பழைய துறைமுகத்துல இருந்து நடந்தே போயிடலாம்.

உள்ள குளிரும். ரெப்ளிகாலயும் குகைக் குளிரையே வெச்சிருப்பாங்க, வெளிய ஆகஸ்ட் வெயில் மண்டையைப் பொளக்கும், உள்ள சில்லுன்னு இருக்கும். ஒரு ஸ்வெட்டர் பைல போடுங்க, குழந்தைக்குக் கண்டிப்பா. பெரும்பாலும் உள்ள போட்டோ எடுக்க விடமாட்டாங்க, காப்பிதானேன்னு கைடுகிட்ட வாக்குவாதம் பண்ணாதீங்க, பின்னாடி அடுத்த குரூப் நிக்குது.

நாலாவது: போறதுக்கு முந்தின நாள் ராத்திரி

லாஸ்கோவோட அதிகாரபூர்வ சைட்ல குகைக்குள்ள சுத்திப் பாக்குற மாதிரியே இருக்கு, ஷோவே கூகுள் ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சர்ல இருக்கு, ரெண்டும் ஃப்ரீ. ஒரு அரை மணி நேரம் உக்காந்து பாத்துட்டுப் போங்க. முன்னாடியே பாத்துட்டா த்ரில் போயிடும்னு சொல்றவங்களும் உண்டு, எனக்கு அப்படித் தோணல. உள்ள கைடு ஒரு இடத்துல நாலஞ்சு நிமிஷம்தான் நிப்பாங்க, எங்க பாக்கணும்னு தெரியாதவங்க மேலயும் கீழயும் தேடி முடிக்கறதுக்குள்ள குரூப் நகந்துடும்.

அஞ்சாவது: உள்ள எதைப் பாக்கணும்

லாஸ்கோ காளைக் கூடத்துக்குள்ள நுழைஞ்ச உடனே எல்லாரும் பெரிய காளையைத்தான் பாப்பாங்க, 5 மீட்டருக்கு மேல நீளம், பாக்காம இருக்கவும் முடியாது. நீங்க கொம்பைப் பாருங்க. உடம்பு பூரா பக்கவாட்டுல இருக்கும், கொம்பு மட்டும் லேசா நம்ம பக்கம் திரும்பின மாதிரி, ரெண்டு கொம்பும் தெரியும். வரையத் தெரியாம பண்ணது இல்ல, வேணும்னே பண்ணது. அப்புறம் சுவரைப் பாருங்க, மேல் பாதி வெள்ளையா மொறமொறன்னு இருக்கும், கீழ் பாதி பழுப்பு, அந்த வெள்ளைப் பகுதியிலதான் படம் பூரா இருக்கு. நிறம் பளிச்சுன்னு நிக்கிறதுக்கு அந்த வெள்ளைதான் காரணம்.

நீள வழியோட கடைசியில ஒரு குதிரை தலைகீழா விழுந்துட்டு இருக்கும். அது ஒரு பாறைத் துருத்தலைச் சுத்தி வரைஞ்சது, எங்க நின்னாலும் முழுக் குதிரையும் ஒரே பார்வையில தெரியாது, தலை தெரிஞ்சா பின்கால் தெரியாது. அதாவது வரைஞ்ச ஆளே முழுசா பாக்காமதான் அளவு பிசகாம வரைஞ்சிருக்கான், இல்ல வரைஞ்சிருக்கா. போட்டோல பாத்தா இது புரியவே புரியாது, ஏன்னா போட்டோல அதை விரிச்சுப் போட்டிருப்பாங்க. ரெப்ளிகால நின்னு தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்ச்சுப் பாத்தாதான் புரியும். என்னைக் கேட்டா டிக்கெட் காசு இந்த ஒரு குதிரைக்கே சரியாப் போச்சு.

லாஸ்கோ 4ல டூர் முடிஞ்சதும் ஒரு பெரிய ஹாலுக்கு விடுவாங்க, அங்க குகைச் சுவர் துண்டுகளை மேல இருந்து தொங்க விட்டிருப்பாங்க. பறவைத் தலை ஆள் ஒருத்தன் காட்டெருமை முன்னாடி சாஞ்சு கிடக்குற படம் கேள்விப்பட்டிருப்பீங்க, அது ஒரிஜினல்ல ஒரு கிணறு மாதிரி பள்ளத்துக்கு அடியில இருக்கு, இங்க தரையில நின்னே பாக்கலாம். பலர் கைடு போனதும் நேரா கடைக்குப் போயிடுறாங்க, இந்த ஹாலுக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்க.

ஆல்தமிரால விதானத்தைப் பாருங்க, பாறை எங்கெல்லாம் உப்பலா இருக்கோ அந்த உப்பலையே காட்டெருமை உடம்பா ஆக்கியிருக்காங்க, கால் மடக்கிப் படுத்திருக்குற எருமை நிஜமா புடைச்சுக்கிட்டு வெளிய வரும். இதுக்குத்தான் வெறும் போட்டோ போதாதுன்னு ரெப்ளிகா கட்டினதே. மதில்தே முஸ்கிஸ், பெத்ரோ சவுரான்னு தம்பதி ரெண்டு பேரும் ரெப்ளிகாவோட மேடு பள்ளத்து மேலயே படங்களை ஒண்ணு விடாம வரைஞ்சாங்க. இந்தக் குகைக்கு ஒரு சோகமும் உண்டு. 1879ல சான்ஸ் த சவுத்துவோலான்னு ஒருத்தர் தரையைத் தோண்டிட்டு இருக்க, கூட வந்த அவரோட சின்னப் பொண்ணு மரியாதான் மேல பாத்து மாடு மாடுன்னு கத்தினா. அவரு போய்ச் சொன்னா பெரிய பெரிய அறிஞர்கள் எல்லாம் இது போலின்னு சிரிச்சாங்க, 1888ல அவமானத்தோடயே செத்துப் போனாரு. எதிர்த்தவங்கள்ல முக்கியமான கார்த்தாய்யாக் 1902ல தப்பு என் மேலதான்னு எழுதினாரு, அதைப் படிக்க அவர் இல்ல.

ஷோவேல கருப்புக் கோடெல்லாம் மரக்கரி. லாஸ்கோல கருப்பு பெரும்பாலும் மாங்கனீசு, அதுல கார்பன் இல்ல, நேரா வயசு கண்டுபிடிக்க வழியில்ல, ஷோவேல படத்துலயே கரி இருக்கறதுனால அதை வெச்சே வயசு சொல்லிட்டாங்க. ரெப்ளிகாவுக்கும் பைன் மரத்தை எரிச்சு கரி எடுத்துதான் வரைஞ்சாங்க. சிங்கக் கூட்டம் பாயுற சுவர் கடைசியில வரும், அதுக்கு முன்னாடியே களைச்சுப் போகாதீங்க. நடுவுல கால் கிட்டயும் ஒரு கண்ணு வெச்சுக்கோங்க, பாறை மேல தனியா தூக்கி வெச்ச மாதிரி ஒரு கரடி மண்டையோடு, சுவர்ல கரடி நகம் கீறின தடம், எல்லாத்தையும் அப்படியே பண்ணி வெச்சிருக்காங்க.

ஆறாவது: ஒரிஜினல் ஒண்ணாவது பாத்தே ஆகணும்னா

புரியுது. அந்த ஆசை தப்பு இல்ல, இன்னும் திறந்திருக்குற குகைகள் இருக்கு, கணக்கு வெச்சு ஆள் விடுறதுனாலதான் அது திறந்திருக்கு.

லாஸ்கோ பக்கத்துலயே லேஸெய்ஸின்னு ஒரு ஊர், அங்க ஃபோன்-த-கோம் குகை. பல நிறத்துல வரைஞ்ச ஒரிஜினல் படத்தை இன்னமும் பாக்க விடுற குகைங்கள்ல இது முக்கியமானது, ஆனா ஒரு நாளைக்கு விடுற ஆள் ரொம்பக் கம்மி. ரூஃபின்யாக் குகைக்குள்ள சின்ன எலக்ட்ரிக் ரயில்ல கூட்டிட்டுப் போவாங்க, மாமூத் யானையா வரைஞ்சு வெச்சிருப்பாங்க, குளிர்காலத்துல மூடிடுவாங்க. பேஷ் மெர்ல் குகையில புள்ளி வெச்ச குதிரைங்க, சுத்தி கை அச்சு, ஒரு நாளைக்கு 700 பேர்தான். பிரினே மலை அடிவாரத்துல நியோ குகையில லைட்டே கிடையாது, கையில டார்ச் குடுத்து 800 மீட்டர் வாக்குல நடக்க விடுவாங்க, கரடுமுரடான வழி, நல்ல ஷூ போடுங்க. ஸ்பெயின்ல எல் காஸ்தியோ குகை திறந்திருக்கு, அங்க ஒரு சிவப்பு வட்டம் 40,000 வருஷத்துக்கு மேல பழசுன்னு கணக்குப் போட்டிருக்காங்க.

ஆல்தமிரா ஒரிஜினலுக்குள்ள 2014ல ஆரம்பிச்ச ஏற்பாட்டுல வாரத்துக்கு 5 பேர், 37 நிமிஷம், வெள்ளை டிரஸ், மாஸ்க் எல்லாம் போட்டு விட்டாங்க, அதுவும் குலுக்கல்ல. லாட்டரியை நம்பி பிளைட் டிக்கெட் போடாதீங்க.

உள்ள போனா நடந்துக்கற விதம் சுலபம்தான். சுவர்ல கை படக்கூடாது, சாயக்கூடாது, முதுகுப் பையை வெளியிலயே வெச்சுடுங்க, ஏன்னா குறுகலான இடத்துல நீங்க திரும்பினா பைதான் முதல்ல சுவர்ல உரசும். நம்ம கையில இருக்குற எண்ணெய்ப் பசையும் உப்பும் பாறையில ஒட்டிக்கும். ஃப்ளாஷ் வேண்டாம், போன் டார்ச்சும் வேண்டாம். அன்னிக்கே வேற குகைக்கோ காட்டுக்கோ போயிட்டு அதே சேறு ஷூவோட வராதீங்க. சளி, இருமல் இருந்தா அன்னிக்கு ரெப்ளிகாவுக்குப் போங்க. கைடுக்கு இருபது யூரோ அழுத்தி "இன்னும் கொஞ்சம் உள்ள காட்டுங்க"ன்னு கேக்குற நம்ம ஊர்ப் பழக்கத்தை தயவு செஞ்சு அங்க காட்டாதீங்க.

பேர் எழுதுற வியாதி நமக்கு மட்டும்தான்னு நினைக்காதீங்க. நியோ குகையில 1660ல ரூபன் த லா வியால்னு ஒருத்தன் வந்து ஓவியம் இருக்குற பக்கத்துலயே பேரும் வருஷமும் எழுதிட்டுப் போயிருக்கான், ரூஃபின்யாக்ல மாமூத் மேலயே புகையால பேர் எழுதி வெச்சிருக்காங்க. படத்தைப் பாத்தும் அது என்னன்னு தெரியாத காலம் அது. நமக்கு அந்தச் சாக்கு கிடையாது.

குகை இல்லாம திறந்த பாறையில இருக்குற ஓவியங்களுக்கும், அதாவது மத்தியப் பிரதேசத்துல பீம்பேட்கா, நம்ம விழுப்புரம் பக்கம் கீழ்வாலை மாதிரி இடங்களுக்கும், தொடாம இருக்குற விதி அப்படியே பொருந்தும். இங்க கூடுதலா ஒண்ணு: போட்டோல கலர் பளிச்சுன்னு விழணும்னு பாட்டில் தண்ணியைத் தெளிக்கறது, ஈரத்துணியால துடைக்கறது, சாக்பீஸ்ல ஓரம் வரைஞ்சு காட்டறது. மூணுமே படத்தைத் தேய்ச்சு எடுக்கற வேலை. கூட வந்தவங்க தண்ணி பாட்டிலைத் திறந்தா வாயைத் திறந்து சொல்லிடுங்க.

கடைசியா, நாள் எப்படிப் பிரிக்கறது

ஒரே நாள்தான் இருக்கு, மார்செய்ல இருக்கீங்கன்னா கொஸ்கேர், முடிஞ்சுது. ரெண்டு நாள் இருந்தா மோன்தின்யாக்ல ராத்திரி தங்கி, முதல் நாள் மத்தியானம் லாஸ்கோ 4, மறுநாள் காலையில முதல் டூர்ல லாஸ்கோ 2, அப்புறம் லேஸெய்ஸி போய் தேசிய தொல்பழங்கால மியூசியம், அதுலதான் நிஜமான கல் ஆயுதம், செதுக்கின எலும்பு எல்லாம் கண்ணாடிக்குள்ள ஒரிஜினலாவே பாக்கலாம். மூணாவது நாள் கிடைச்சா ஃபோன்-த-கோம் டிக்கெட்டை முதல்ல பிடிச்சுட்டு மத்ததை அதைச் சுத்தி அடுக்குங்க, அது கிடைக்கலைன்னா ரூஃபின்யாக். ஜனவரியில போறதா இருந்தா எந்த டிக்கெட்டும் எடுக்கறதுக்கு முன்னாடி எது எது திறந்திருக்குன்னு தேதியோட பாத்துக்கோங்க, அந்த மாசம்தான் பல இடத்துல வருஷாந்திர லீவு விடுறாங்க.